பலகை மேல உக்காந்தவங்க

நுரையை அறுத்தா குரல் ஒரே ஒரு தடவைதான் கேக்கும். மறுபடி கேக்க அங்க எதுவும் மிச்சம் இருக்காது. அந்த ஒரு தடவையும் யாரும் கேக்காம பாத்துக்கிறதுதான் என் வேலை.

பழைய ஃப்ரிட்ஜ் கதவு, ஐஸ் பொட்டி, குளிர்கிட்டங்கி சுவரு, இதுக்குள்ள எல்லாம் மஞ்சக்கலர்ல ஒரு நுரை அடைச்சிருக்கும், பாத்திருப்பீங்க. ரெண்டு திரவத்தைக் கலந்து ஊத்துனா பொங்கி எழும்பி கட்டையாட்டம் இறுகிரும். அந்தக் காலத்துல அது பொங்குறதுக்கு சி.எஃப்.சி.ங்கிற வாயுவைப் போட்டாங்க. ஒவ்வொரு குமிழுக்குள்ளயும் அந்த வாயு அம்பது வருசம் ஆனாலும் அடைபட்டே கெடக்கும். அதைச் சேகரிச்சு, மூடுன உலையில எரிக்கிற ஆலையில நான் சேகரிப்பு அலுவலர். ஊர் ஊராப் போய் பழைய நுரையை வாங்கிட்டு வரணும்.

சாதாரண குப்பை வேலைதான். அந்தக் குரல் விசயம் வர்ற வரைக்கும்.

யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரன் கண்டுபிடிச்சான். நுரை பொங்கி இறுகுற அந்தக் கொஞ்ச நேரத்துல பக்கத்துல என்ன சத்தம் கேக்குதோ, அந்த அதிர்வு குமிழ்ச் சுவர்ல அடுக்கடுக்கா பதிஞ்சு போயிருதாம். கத்தி வச்ச ஒரு மெஷின்ல மெலிசா சீவிக்கிட்டே வந்தா, குமிழ் ஒவ்வொண்ணா உடையுற சத்தத்தைக் கோத்து, அன்னைக்குப் பேசுன பேச்சைத் திரும்பக் குடுக்குது. முதல்ல போட்டுக் காட்டுனது ஏதோ ஃப்ரிட்ஜ் கம்பெனியில வேலை பாத்த ஒரு ஆளோட குரல். "சோத்து மணி அடிச்சிட்டானா?" அவ்வளவுதான். யாருன்னே தெரியாத அந்த மனுசனுக்காக ஊரே அழுதுச்சு. நானும் அழுதேன்.

அப்புறம் ஆரம்பிச்சது ஆட்டம். சந்துக்குச் சந்து குரல் கடை. செத்துப்போனவங்க ஐஸ் ஃபேக்டரியில வேலை பாத்தாங்க, தியேட்டருக்கு ஏசி போட்டாங்க, எங்கயாச்சும் அவங்க பக்கத்துல நுரை ஊத்தியிருந்தா போதும். பேத்து எடுத்துட்டு வந்து சீவுனாங்க. குமிழ்ல இருந்த வாயு பூரா மேல போச்சு. ஆறிக்கிட்டு வந்த ஓசோன் மறுபடி மெலிய ஆரம்பிச்சது. இப்போ உச்சி நேரத்துல ஊர் ஊருக்கு வெயில் சங்கு ஊதுறாங்க. ஊதுனா உள்ள போயிரணும்.

என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். வாழ்க்கை பூரா கிரவுண்டுல நின்னவ. வெயில் பட்டே மூக்குல புத்துப் புண்ணு வந்து, நுனியை வெட்டி எடுத்துட்டாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு அவ ஒரு நாள் சொன்னா: "ஊர்ல எல்லாருக்கும் அப்பன் குரல் வேணுமாம். அதுக்கு என் மூக்கு போச்சு பாருங்க." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அதுக்கப்புறம் நான் இந்த வேலையில ரொம்ப கண்டிப்பான ஆளாயிட்டேன்.

சிப்பித்துறைக்குப் போனது அந்தச் சமயத்துலதான். தூத்துக்குடிக்குத் தெக்க ஒரு சின்ன கடற்கரை ஊரு. மெற்றில்டான்னு ஒரு அம்மா வீட்டுல பழைய நுரை இருக்குன்னு தகவல். போனா, வாசல்ல புதுசா பெயின்ட் அடிச்ச ஒரு ஃபைபர் படகு நிக்குது. அதுக்குப் பக்கத்துல அவங்க மகன் ஜெனிட்டன், வளந்த பையன், என்னைப் பாத்ததுமே உர்ருன்னு ஆயிட்டான்.

"எம்மா, எரிக்கிற ஆளு வந்துட்டாரு."

மெற்றில்டாம்மாவுக்கு அம்பது வயசுக்குக் கிட்ட இருக்கும். ஒரு கண்ணுல புரை விழுந்து பாலாட்டம் இருந்துச்சு. சேலை சுத்துன ஒரு பொருளைப் பரண்ல இருந்து இறக்கிக் கொண்டாந்து என் முன்னாடி வச்சாங்க. பிரிச்சா, ஒரு படகு ஐஸ் பொட்டியோட மூடி. ஃபைபர் ஓடு, உள்ள நுரை. ஓட்டு மேல உப்பு பூத்துப் போயிருந்துச்சு.

"எங்கப்பா சவரிமுத்து படகோடது சார். படகும் வரல, ஆளும் வரல. இது மட்டுந்தான் கரை ஒதுங்குச்சு."

"மூடியை எதுக்கும்மா இத்தனை வருசம் வச்சிருந்தீங்க?"

"எங்கம்மா வச்சிருந்தா. அது மூடின்னு வைக்கல சார். அவருன்னு வச்சிருந்தா."

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னாங்க. அவங்களுக்கு அப்போ ஆறு வயசு. அன்னைக்கு விடிஞ்சதுமே வானம் கருத்துக் கெடந்துருக்கு. ரேடியோவுலயும் போகாதீங்கன்னு சொல்லியாச்சு. ஐஸ் பொட்டி மூடியில நுரை ஊறிக் கெட்டுப் போயிருந்ததால, கடக்கரையிலயே புதுசா ஊத்தியிருக்காங்க. ஊத்துன பெறவு நுரை பொங்கி வெளிய தள்ளாம இருக்க, மேல ஒரு பலகையைப் போட்டு, அதுமேல ஆளுங்க உக்காந்துக்கிடணும். இறுகுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அன்னைக்குப் பலகை மேல உக்காந்தது அவங்க அப்பாவும், கூட போன நாலு பேரும். பக்கத்துல நின்னு கலவை கலக்கி ஊத்தி, நுரை எழும்புற வரைக்கும் எண்ணுனது அதே படகுல போற கித்தேரியான்.

"அந்தப் பலகையில உக்காந்துக்கிட்டுத்தான் சார் பேசியிருக்காவ. போவோமா வேண்டாமான்னு. எந்திரிச்சதும் போயிட்டாவ. அஞ்சு பேரும் வரல."

"கித்தேரியான்?"

"கலவை தெறிச்சு கையில ஒட்டிக்கிடுச்சு, தோலோட உரிஞ்சுருச்சு. அதனால அவரு போகல. உயிரோட இருக்காரு, எம்பது வயசுக்கு மேல. அவருதான் ஊருக்குச் சொன்னாரு. நாலு பேரும் வேண்டாம்னு சொல்லியும் சவரிமுத்துதான் ஒத்தக்கால்ல நின்னு கூட்டிட்டுப் போனான்னு."

அதோட அந்தக் குடும்பம் முடிஞ்சது. யாரும் அடிக்கல, திட்டல. ஆனா அவங்க படகுல ஒரு ஆளும் ஏற மாட்டான். அந்த அம்மாவோட அண்ணன் படகு வாங்கி, ஆள் கிடைக்காம வித்துட்டு கேரளாவுக்குக் கூலிக்குப் போயிட்டான். இப்போ மகன் படகு கட்டியிருக்கான். தனியா தள்ளிட்டுப் போற படகு இல்ல அது, நாலு ஆள் வேணும்.

ஜெனிட்டன் படகு ஓரத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு சொன்னான்: "வெளியூர்க்காரனைக் கூப்பிட்டேன் சார். வந்தான். டீக்கடையில என்ன சொல்லிக் குடுத்தானுவளோ, மறுநாள் போனை எடுக்கல. எங்க தாத்தாவுக்கு அந்த மூடிதான் சாட்சி. நாளைக்கு தூத்துக்குடியில இருந்து ஒருத்தன் மெஷினோட வாரான். அறுத்துக் கேக்கப் போறோம். ஊரைக் கூட்டி வச்சுக் கேக்கப் போறோம்."

"தம்பி, அது சட்டப்படி குத்தம்."

"இந்த ஒரு மூடியில எவ்வளவு சார் இருந்துரும்? ஒரு சொம்பு இருக்குமா?"

"அதுக்கும் கம்மிதான்."

"அதுல வானம் ஓட்டையாயிருமோ?"

"உன் ஒருத்தனால ஆகாது. நீ ஒருத்தனா கேக்குற?"

மெற்றில்டாம்மா தரையில உக்காந்தாங்க. "எனக்கு வெவரமா சொல்லுங்க சார். கேஸ்னா என்ன, சிலிண்டர்ல வருமே அதா?"

"இல்லம்மா. இது ரொம்ப சாதுவான வாயு. தீப்பிடிக்காது, நாத்தம் கெடையாது, மூச்சுல போனாலும் விசமில்ல. அதனாலதான் எல்லாத்துலயும் போட்டாங்க. ஃப்ரிட்ஜு, ஏசி, சென்ட் பாட்டிலு, ஆஸ்துமாக்காரங்க வாயில அடிச்சுக்கிற மருந்து, எல்லாம். அது எதோடயும் சேராது. சேராததுதான் பிரச்சனை. அழியாம மெதுவா மேல போய்க்கிட்டே இருக்கும். ரொம்ப மேல போனதும் வெயில் அதை உடைக்கும். உள்ள இருந்து குளோரின் வெளிய வரும். அது ஒண்ணு ஒரு லட்சம் ஓசோனைத் தின்னும். தின்னுட்டும் சாகாது."

"சாந்தமா இருக்கவன்தான் மேல போய்க் குடியக் கெடுக்கான், என்ன?" அந்த அம்மா லேசாச் சிரிச்சாங்க.

"அதுக்குத்தான் தடை பண்ணி, மாத்து வாயு கொண்டு வந்தாங்க. முதல்ல வந்தது ஓசோனைக் கொஞ்சமாத் தின்னுச்சு. அடுத்து வந்தது ஓசோனைத் தொடல, ஆனா பூமியைச் சூடாக்குச்சு. இப்போ போடுறது ரெண்டும் பண்ணாது. ஆனா புது நுரையில குரல் நிக்கிறதில்ல. பழசுலதான் நிக்குது."

"மூடுன பொட்டிக்குள்ள வச்சு அறுத்தா? கேஸைப் பிடிச்சுக்கிடலாம்லா?" இது ஜெனிட்டன்.

"பண்ணிப் பாத்தாங்க தம்பி. வாயுவை உறிஞ்சுனா, அந்த இழுப்புலயே குமிழெல்லாம் ஒண்ணா உடைஞ்சு சத்தம் கூழாயிருது. வெளியில விட்டாத்தான் பேச்சு வரும்."

மெற்றில்டாம்மா அந்த மூடியில கையை வச்சுத் தடவிக்கிட்டே இருந்தாங்க. "இந்தக் கண்ணு வெயில்ல போனதுதான்னு டாக்டர் சொன்னாவ. அப்போ இதுவும் எவனோ ஒருத்தன் அப்பன் குரலைக் கேட்டதுல போனதுதானே சார்?" அப்படின்னாங்க.

எனக்கு என் வீட்டுக்காரி மூக்குதான் ஞாபகம் வந்துச்சு.

அந்த நேரம் பாத்து வாசல்ல ஒரு சத்தம். "ஏட்டி மெற்றி!"

கித்தேரியான். குச்சி ஊனி வந்து நின்னாரு. வலது கையில பழைய தழும்பு, தோலு சுருட்டி ஒட்டுன மாதிரி. பின்னால அவரு பேரன் ஆன்றோ, அவரு விழுந்துராம இருக்கப் பிடிச்சுக்கிட்டு.

"அதை அறுக்கப் போறியாமே? சட்டம் தெரியுமா உனக்கு? சாரு வந்துருக்காவள்ல, குடுத்து விடு. எரிக்கட்டும்."

"நீங்க எதுக்கு மாமா பதறுதீய?"

"நான் எதுக்குப் பதறணும்? செத்தவன எழுப்பாதேங்கேன். அவ்வளவுதான்."

"எங்க தாத்தா பேசுனா உமக்கு என்ன வந்துச்சு?" ஜெனிட்டன் எகிறிட்டான். "நாலு பேரு வேண்டாம்னு சொன்னதை நாங்களும் கேக்கோம். நீரு சொன்னது உண்மைன்னா உமக்குத்தானவே பெருமை?"

பெரியவர் அந்த மூடியைப் பாத்தாரு. அந்த முகத்தை நான் பாத்தேன், மெற்றில்டாம்மாவும் பாத்தாங்க. பேரன் அவரைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டான். போகும்போது ஆன்றோ மட்டும் ஒரு தடவை திரும்பி அந்தப் படகைப் பாத்தான். படகு ஆசை உள்ள பையன் பாக்குற பார்வை அது.

"பாத்தீயளா?" ஜெனிட்டன் குதிச்சான். "இந்தாளுதான்! இந்தாளுதான் என்னமோ சொல்லி ஏத்தி விட்டுருக்கான். 'இந்தக் காத்துக்குப் பயப்படுதீய, சேலை கட்டிக்கிட்டு வீட்டுல இரிங்கல'ன்னு சொல்லியிருப்பான். அதான் மொகம் செத்துப் போச்சு."

மெற்றில்டாம்மா மூடியை மடியில இழுத்து வச்சுக்கிட்டாங்க. கடைசியில எங்கிட்ட, "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நானே உங்க கையில குடுத்துருதேன் சார். இன்னிக்கு ஒரு பொழுது எங்கிட்ட இருக்கட்டும்" அப்படின்னாங்க.

விதிப்படி அப்பவே சீல் வச்சு எடுத்துட்டு வந்திருக்கணும். நான் கண்டிப்பான ஆளுதான். ஆனா அந்த அம்மா மூடியைப் பிடிச்சிருந்த விதம், ஆஸ்பத்திரியில கட்டில் ஓரத்துல உக்காந்து கையைப் பிடிச்சிருக்கிற மாதிரி இருந்துச்சு. விட்டுட்டு வந்துட்டேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு சனம் கோயில் முத்தத்துல நிக்குது. வெயில் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்துச்சு. மெற்றில்டாம்மா அந்தச் சேலை மூட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் படியில ஏறி நின்னாங்க. கித்தேரியானுக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சிருந்தாங்க.

"நான் கேட்டுட்டேன்," அப்படின்னாங்க.

ஜெனிட்டன் அம்மாவை நிமிந்து பாத்தான். அவனுக்கே தெரியாது போல.

"மெஷின்காரன் ராத்திரியே வந்தான், அறுத்தான், கேட்டேன். ஒரு தடவதான் வரும், வந்துருச்சு. எங்கப்பா யாரையும் கட்டாயப்படுத்தல. அவரை வேற யாரும் ஏத்தி விடவும் இல்ல. அஞ்சு பேருமாச் சேந்துதான் பேசுனாவ. ஒருத்தர் 'போவோம்'ன்னாரு, ஒருத்தர் 'காத்து குறையும்'ன்னாரு, சிரிச்சாவ. கித்தேரி மாமா எண்ணிக்கிட்டு இருந்தாரு. அவ்வளவுதான் இருக்கு. குத்தம் சொல்ல அதுல ஆளு இல்ல. கடலு கூப்பிட்டுச்சு, போயிட்டாவ."

சவரிமுத்துவோட செத்துப்போன நாலு பேர்ல ஒருத்தரோட சம்சாரம், ரொம்ப வயசான அம்மா, கூட்டத்துக்குள்ள இருந்து கேட்டாங்க: "எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு, மெற்றி?"

மெற்றில்டாம்மா தயங்கவே இல்ல. "உங்க பேரைச் சொல்லிச் சிரிச்சாரு பெரியம்மா. கருவாட்டுக் கொழம்பு வச்சிருப்பா, நேரத்துக்குத் திரும்பணும்னாரு."

அந்தக் கிழவி முந்தானையை வாயில வச்சு அழுதா. பக்கத்துல நின்னவங்களும் அழுதாங்க. கித்தேரியான் மட்டும் அழல. தழும்புக் கையை மடியில வச்சுக்கிட்டு அந்த அம்மாவையே பாத்துட்டு இருந்தாரு.

சேலை மூட்டையை எங்கிட்ட குடுக்கும்போது மெற்றில்டாம்மா காதோட சொன்னாங்க: "பிரிச்சுப் பாக்காம போட்டுருங்க சார்."

ஆலைக்கு வந்து பிரிச்சேன். பிரிச்சுத்தான் எடை போடணும். ஓட்டுல ஒரு கீறல் இல்ல. பூத்திருந்த உப்பு கூட அப்படியே இருந்துச்சு. கத்தி அது பக்கத்துலயே போகல.

வாழ்க்கை பூரா அந்தப் பொம்பளை கேக்கணும்னு தவிச்ச குரலு, அப்பன் குரலு, அப்படியே உள்ள கெடக்குது. அவங்க கேக்கல. அப்பனுக்கு நல்லதா வந்திருந்தா கித்தேரியான் குடும்பம் ஒதுங்கியிருக்கும். கெட்டதா வந்திருந்தா மகன் படகு மணல்லயே மக்கியிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல அந்த அம்மா தானே ஒரு குரலை உண்டாக்கி எல்லாருக்கும் பங்கு வச்சுக் குடுத்துட்டாங்க.

உலையில போட முறை வரணும், வரிசை இருந்துச்சு. அந்த வாரக் கடைசியில என் அறை வாசல்ல குச்சி ஊனுற சத்தம்.

கித்தேரியான். பஸ் ஏறி தனியா வந்திருக்காரு. உக்காரச் சொன்னேன், உக்காரல. கண்ணு நேரா அந்த மூலைக்குப் போச்சு. மூடி அங்கதான் இருந்துச்சு, முழுசா. மறைக்க எனக்கு நேரம் கிடைக்கல.

கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தாரு. தழும்புக் கையால ஓட்டைத் தடவுனாரு.

"அறுக்கவே இல்ல," அப்படின்னாரு.

நான் போய் அறைக் கதவைச் சாத்துனேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. அவ கொழம்புன்னு சொன்னாள்லா, அப்பவே தெரியும். அந்தக் கிழவி புருசன் கருவாடு திங்க மாட்டான். அது அவளுக்கும் தெரியும்."

"உங்க பேரைக் காப்பாத்தத்தான் அந்த அம்மா அப்படிச் சொல்லியிருக்காங்க."

"தெரியும். அதுக்காக வரல." பெரியவர் சுவத்துல சாஞ்சுக்கிட்டாரு. "நான் அன்னிக்கு எரிச்சுருங்கன்னு கத்துனேன்ல. நான் செஞ்சது வெளிய வந்துரும்னு பயந்தேன்னு அந்தப் பொடியன் நெனைச்சுட்டான். மெற்றியும் நெனைச்சுட்டா. அது இல்ல தம்பி. அன்னிக்கு என்ன பேசுனோம்னு எனக்கு ஞாபகம் இல்ல."

"சவரிமுத்துதான் கூப்பிட்டாருன்னு நீங்கதானே..."

"சொன்னேன். அஞ்சு பேர் வீட்டுப் பொம்பளையளும் என்னைய சுத்தி நின்னு, ஏன் போனாவ, ஏன் போனாவன்னு கேக்காளுவ. நான் ஒருத்தன்தான் மிச்சம். என்னத்தையாவது சொல்லணும்லா? சொன்னேன். அது உண்மையாத்தான் இருந்திருக்கும், இல்லன்னா எப்படி வாயில வந்துருக்கும்? அப்புறம் சொல்லிச் சொல்லி அது ஞாபகம் மாதிரியே ஆயிருச்சு. இப்போ கண்ணை மூடினா சவரி பேசுறது எனக்குக் கேக்கு. ஆனா அது அவன் குரலான்னு தெரியல. சில நாளு அதே வார்த்தை என் குரல்ல கேக்கு. 'பயந்தவன் எந்திரிச்சுப் போங்கல'ன்னு. அதைச் சொன்னது நானா அவனா, நெசமாவே தெரியல தம்பி."

எங்க ஆலையில, குரல் கடையில பறிமுதல் பண்ணுன மெஷின் நாலஞ்சு கெடக்குது. என் மேசைக்குப் பின்னாடியே ஒண்ணு இருந்துச்சு. அவரு கண்ணு அது மேல நின்னதை நான் பாத்தேன். 'ஒரு சொம்பு கூட இல்ல'ன்னு என் வாய் வரைக்கும் வந்துருச்சு. சத்தியமா சொல்றேன், அவரு கேட்டிருந்தா நான் போட்டுக் காட்டியிருப்பேன். என் வீட்டுக்காரி மூக்கையும் மறந்து போட்டிருப்பேன். இப்படித்தான் எல்லாரும் போட்டிருப்பாங்க.

அவரு மூடியில காதை வச்சாரு. கதவுக்கு அந்தப்பக்கம் ஆள் இருக்கான்னு கேக்குற மாதிரி.

"ஆன்றோ இன்னிக்கு விடியக்காலம் மெற்றி மகன் படகுல போயிட்டான்," அப்படின்னாரு காதை எடுக்காமலே. "ஊர்ல முதல் ஆளா ஏறுனான். நான்தான் அனுப்புனேன். அவனைப் பாத்து இன்னும் ரெண்டு பேர் ஏறிட்டானுவ. அவன் திரும்பி வர்ற வரைக்கும் எனக்குத் தெரிய வேண்டாம். வந்த பெறகும் வேண்டாம். போட்டுருங்க."

"இன்னும் வரிசை வரல ஐயா."

"எனக்காகப் போடுங்க."

போட்டேன். உலை வாசலுக்குத் தள்ளுவண்டியில கொண்டு போனோம். கடைசியில தள்ளுறதை நான் தள்ளுறேன்னாரு. தழும்புக் கையாலயே தள்ளுனாரு. இரும்புக் கதவு இறங்குச்சு. உள்ள நுரையை அரைக்கிற மெஷின் சத்தம் தவிர வெளிய ஒண்ணும் கேக்கல. அந்த அஞ்சு பேரும் பேசுனது, சிரிச்சது, யாரோ யாரையோ சொன்ன சொல்லு, எல்லாம் கூழாகி நெருப்புக்குள்ள போச்சு. வானத்துக்கு ஒரு சொட்டு போகல.

பெரியவர் வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. செபம் சொல்றாருன்னுதான் முதல்ல நெனைச்சேன். பக்கத்துல போய்க் கேட்டேன்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

மீன் எண்ணுறப்போ ஒண்ணுக்குப் பதிலா லாபம்னு தொடங்குவாங்கல்ல, அந்த எண்ணிக்கை. கலவையை ஊத்துனதும் அப்படி எண்ண ஆரம்பிக்கணுமாம். அவரே சொன்னாரு. நுரை எழும்பி வந்து பலகையை முட்டும். முட்டுனதும் நிறுத்திரணும்.

சொல்லிட்டு மறுபடி எண்ண ஆரம்பிச்சாரு. உலை அணைஞ்சு, வெயில் சங்கு ஊதி, ஆளெல்லாம் உள்ள போயாச்சு. வாங்க ஐயான்னு தோளைத் தொட்டேன். அவரு எண்ணிக்கிட்டேதான் வந்தாரு. முட்டுறதுக்கு அங்க பலகை இல்ல. எதுல நிறுத்துறதுன்னு அவருக்குத் தெரியல.